குறுக்குக்காற்றில் வால்சக்கர விமானம்: தொட்டதிலிருந்து நிற்கும்வரை

அன்றைக்கு நான் விமானத்தை இறக்கியதில் ஒரு குறையும் இல்லை. இடப்பக்கத்திலிருந்து 10 நாட் காற்று (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.), அவ்வப்போது 15-ஐத் தொட்டது. இடது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, மூக்கை ஓடுபாதைக்கு நேராகப் பிடித்திருந்தேன். இடது சக்கரமும் வால்சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட்டன, வலது சக்கரம் அப்புறம் மெதுவாக உட்கார்ந்தது. சிட்டாப்ரியா, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும் சின்ன விமானம், முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கடியில் ஒரு சின்னச் சக்கரம். அது உருண்டபடி வேகம் குறைந்து, சைக்கிளை அழுத்தி மிதித்தால் வரும் வேகத்துக்கு வந்துவிட்டது. ஓடுபாதையை விட்டு வெளியேறுகிறேன் என்று ரேடியோவில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த அந்த நொடியில் ஸ்டிக்கை, அதாவது விமானத்தை இயக்கும் கைப்பிடிக் கோலைப் பிடித்திருந்த கை தளர்ந்து நடுவுக்கு வந்துவிட்டது. அப்போது பார்த்து ஒரு வீச்சுக் காற்று. மூக்கு இடப்பக்கம் திரும்பியது. வலது காலை அழுத்தினேன், ஆனால் தாமதமாக. விமானம் அரைச் சுற்றுச் சுற்றி, வலது இறக்கையின் நுனியைத் தாரில் தேய்த்து, நாங்கள் வந்த திசையைப் பார்த்தபடி நின்றது.

எனக்கும் பின்னால் இருந்த தோழிக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பழைய சிட்டாப்ரியாக்களில் இறக்கைக்குள் ஓடும் முதுகெலும்பு மரத்தால் ஆனது. நுனியில் விழுந்த அடி, உள்ளே எங்கேயோ, தாங்குகம்பி வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மரத்தில் முடிபோன்ற விரிசலாகத் தெரியலாம். அதனால் இறக்கையைப் போர்த்தியிருக்கும் துணியைத் திறந்து விளக்குப் போட்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். விரிசல் இல்லை. இருந்தும் விமானம் மறுபடி பறக்க நான்கு மாதம் ஆனது.

இப்படிச் சுழன்று போவதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறோம். செஸ்னா 172 மாதிரி மூக்குச்சக்கர விமானத்தில் உரிமம் வாங்கிவிட்டு, வால்சக்கரத்துக்கு மாற ஆசைப்படும் நம் ஆட்கள் கலிபோர்னியாவில் இப்போது அங்கங்கே இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னிடம் கேட்டதால் இதை எழுதுகிறேன். பக்கத்தில் பயிற்றுநர் இல்லாமல் இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். பயிற்றுநரோடு போகும்போது எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

ஏன் சுற்றுகிறது?

வால்சக்கர விமானத்தில் எடை மையம் இரண்டு பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இறகுப் பக்கம் முன்னால் போகும்படி ஓர் அம்பை எறிந்து பாருங்கள். கனமான முனை முன்னால் வரத் துடிக்கும், அம்பு நடுவானிலேயே திரும்பிவிடும். தரையில் ஓடும் வால்சக்கர விமானமும் அப்படித்தான். மூக்கு துளி திரும்பினாலும் பின்னால் இருக்கும் எடை நேராகவே போகப் பார்க்கிறது. சக்கரங்கள் தரையைக் கவ்வி அதைத் தடுக்கின்றன. இந்த இழுபறியில் திருப்பம் தானாகவே பெரிதாகிறது. மூக்குச்சக்கர விமானத்தில் எடை சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் அதே இழுபறி விமானத்தை நேராக்கிவிடும். 1956-ல் செஸ்னா நிறுவனம் தன் 170 மாடலின் வாலில் இருந்த சக்கரத்தை மூக்குக்கு மாற்றி 172 என்று விற்றது. அது அவ்வளவு பேரைக் கவர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. பக்கவாட்டில் அடிக்கும் காற்று வாலின் நின்ற பலகையைத் தள்ளும், மூக்கு காற்றை நோக்கித் திரும்பும், கோபுர உச்சியில் இருக்கும் காற்றுத்திசைகாட்டி மாதிரி. விமானம் வேகமாக ஓடும்போது வாலில் இருக்கும் ரடர், அதாவது கால் பெடலால் திருப்பும் பலகை, அதைச் சமாளிக்கிறது. வேகம் குறையக் குறைய ரடரின் பிடி குறைகிறது, காற்றோ குறைவதில்லை. அதனால் அபாயமான பகுதி நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. தொடும் கணத்துக்குப் பிறகு வரும் அந்தப் பத்துப் பதினைந்து நொடியில் இருக்கிறது.

கிளம்பும் முன் கணக்கு

காற்று எவ்வளவு குறுக்காக வருகிறது என்று மனக்கணக்காகவே கண்டுபிடிக்கலாம். ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள கோணத்தைக் கடிகாரத்தின் நிமிடமாக நினைத்துக்கொள்ளுங்கள். 15 டிகிரி என்றால் கால் மணி, காற்றில் கால் பங்கு குறுக்காக வருகிறது. 30 என்றால் பாதி, 45 என்றால் முக்கால், 60-க்கு மேல் போனால் முழுவதும். ஓடுபாதை 31, அதாவது 310 டிகிரி. காற்று 270-லிருந்து 12 நாட். கோணம் 40, மூன்றில் இரண்டு பங்கு, ஆகக் குறுக்கே 8 நாட். வீச்சு 18 என்று அறிக்கை சொன்னால் 18-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். வீச்சு வரும்போதுதான் விமானம் சுற்றுகிறது.

இதில் ஒரு நுணுக்கம். எழுத்தில் வரும் வானிலை அறிக்கையில் காற்றின் திசை உண்மை வடக்கை வைத்துச் சொல்லப்படுகிறது. ஓடுபாதையின் எண் காந்த வடக்கை வைத்து. எங்கள் பகுதியில் இரண்டுக்கும் சுமார் 13 டிகிரி வித்தியாசம். போனில் 270 என்று படித்த அதே காற்று, காந்தக் கணக்கில் 257. கோணம் 40 இல்லை, 53. எட்டு என்று நம்பிக் கிளம்பியது கிட்டத்தட்ட 10 நாட்டாகிவிடும். விமானத்தளத்தின் தானியங்கி நிலையம் ரேடியோவில் குரலாகச் சொல்வது காந்தத் திசை. இறங்கும் முன் அதைக் கேளுங்கள். அப்புறம் காற்றுப்பையைப் பாருங்கள். அமெரிக்க விமான நிர்வாகத்தின் தரப்படி செய்த பை 15 நாட் காற்றில் முழுதாக நீண்டு நிற்கும். பாதி தொங்கி, திடீரென்று விறைத்து, மறுபடி தொங்கினால் காற்று சீராக இல்லை என்று பொருள். சீரான 12-ஐவிட இந்தத் துள்ளும் 8 எனக்குப் பயம்.

விமானத்தின் கையேட்டில் ஒரு குறுக்குக்காற்று எண் இருக்கலாம். அமெரிக்காவின் பழைய சான்றிதழ் விதி, விமானம் தூக்குவிசை இழக்கும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறுக்குக்காற்றையாவது சமாளித்துக் காட்ட வேண்டும் என்றது. 50 மைல் வேகத்தில் தூக்குவிசை போகும் விமானம் என்றால் 10 மைல் காற்று. அது சோதனை விமானி காட்டிய எண். உங்கள் எண்ணை நீங்களும் பயிற்றுநரும் உட்கார்ந்து முடிவு செய்து நோட்டில் எழுதி வையுங்கள். என்னுடையது முதல் வருடம் 7 நாட். இப்போது 12. பறக்காமல் ஒரு மாதம் போய்விட்டால் நானே அதை 8-க்கு இறக்கிக்கொள்கிறேன்.

எண்ணைத் தாண்டினால் என்ன செய்வது? வேறு ஓடுபாதைக்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் ஹாலிஸ்டரில் இரண்டு ஓடுபாதைகள் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன, ஒன்றில் காற்று குறுக்காக இருந்தால் மற்றதில் கொஞ்சமாவது நேராக இருக்கும். பக்கத்திலேயே ஃப்ரேசியர் லேக்கில் புல்தரை. புல்லில் சக்கரம் கொஞ்சம் வழுக்கும், தார்மாதிரி கவ்வாது, சின்னத் தப்பை மன்னிக்கும். இல்லையென்றால் காலையில் போங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் மாண்டரே வளைகுடாவிலிருந்து கடற்காற்று உள்ளே ஏறும். நான் கற்றுக்கொண்ட மாதங்களில் காலை 8 மணிக்கு ஆரம்பித்து 11-க்குள் விமானத்தைக் கட்டிவிடுவோம்.

புறப்படும் முன் வால்சக்கரத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். ரடரோடு அதை இணைக்கும் ஸ்பிரிங் தொளதொளவென்று இருக்கிறதா, இரண்டு பெரிய டயர்களிலும் காற்று ஒரே அளவா என்று. ஒரு டயர் தளர்ந்திருந்தால் இறங்கியதும் விமானம் அந்தப் பக்கம் இழுக்கும், காற்றுதான் இழுக்கிறது என்று தவறாக நினைப்பீர்கள். அடி தடித்த ஷூ வேண்டாம். பாதத்துக்குப் பெடல் தெரிய வேண்டும்.

கை காற்றுக்கு, கால் கோட்டுக்கு

இறங்கும் நேர்கோட்டில் வரும்போது மூக்கைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பி நண்டு மாதிரி வருவோம். 300 அடி உயரத்தில் நான் அதை விட்டுவிட்டு இறக்கையைத் தாழ்த்தும் முறைக்கு மாறுகிறேன். அனுபவமுள்ளவர்கள் இன்னும் தாழ்வாக வந்து மாறுவார்கள். புதிதாகக் கற்பவர் சீக்கிரமே மாறினால் காற்று எவ்வளவு என்று உடம்பு பழக நேரம் கிடைக்கும்.

இந்த முறையில் கையும் காலும் தனித்தனி வேலை செய்ய வேண்டும். ஸ்டிக்கைக் காற்று வரும் பக்கம் சாய்த்து இறக்கையைத் தாழ்த்துகிறோம், அது விமானம் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது. எதிர்க்கால் பெடலை அழுத்தி மூக்கை நடுக்கோட்டுக்கு இணையாக வைக்கிறோம். விமானம் ஓரத்துக்கு நகர்ந்தால் கை சரி செய்ய வேண்டும், மூக்கு திரும்பியிருந்தால் கால் சரி செய்ய வேண்டும். 172-இல் கை மட்டும் வைத்தே காலம் ஓட்டியவர்களுக்கு இதுதான் மிகவும் கடினம், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு பயிற்சி இதை மாற்றியது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், இறங்காமலே, இறக்கை தாழ்ந்த நிலையில் ஓடுபாதை நெடுகப் பறப்பது. எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைப் பயிற்றுநர் பிடித்துக்கொள்வார். நடுக்கோட்டிலிருந்து இடது ஓரத்துக்குப் போ, மூக்கைத் திருப்பாமல் போ, இப்போது வலது ஓரம் என்பார். ஒரு காலையில் எட்டு முறை செய்தோம். அன்றைக்கு இறங்கிப் பழகியதைவிட இதில்தான் அதிகம் கற்றேன்.

என் ஊர் பணகுடி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை அங்கே பள்ளிக்கூடம் போன யாரும் மறக்க மாட்டார்கள். ஆனி ஆடியில் சைக்கிளைக் காற்றுப் பக்கம் சாய்த்துக்கொண்டுதான் மிதிப்போம். சாய்ந்திருப்பது பழகிவிடும். காற்றுப் பக்கமாக ஒரு பஸ் கடந்துபோகும்போதுதான் ஆபத்து. பஸ் காற்றை மறைத்ததும் சைக்கிள் பஸ் பக்கமே சாயும். பஸ் போனதும் காற்று மொத்தமாக வந்து மோதும். விமானத்தளத்தில் அந்த பஸ் வேலையைச் செய்பவை ஹேங்கர்கள் என்ற விமானக் கொட்டகைகளும் யூகலிப்டஸ் மரவரிசையும். தரைக்குப் பக்கத்தில் வரும்போது காற்றுப் பக்கம் என்ன நிற்கிறது, அதில் இடைவெளி எங்கே என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். அந்த இடைவெளியைக் கடக்கும்போது கையும் காலும் தயாராக இருக்க வேண்டும்.

தொடும்போது

மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடுவது ஒரு முறை. முன் சக்கரங்களை மட்டும் முதலில் வைத்து, வாலைத் தூக்கியபடி ஓடி, பிறகு வாலை இறக்குவது இன்னொன்று. குறுக்குக்காற்றில் எது நல்லது என்று விமானிகள் வாழ்நாள் முழுக்க வாதாடுவார்கள். என் சிட்டாப்ரியாவில் சீரான காற்று என்றால் நான் மூன்று சக்கர முறையைத்தான் எடுக்கிறேன். குறைந்த வேகத்தில் தொடுவதால் நிற்பதற்கு முந்தைய அபாய நேரம் சின்னதாகிறது. காற்று துள்ளினால் முன் சக்கர முறை. ஆனால் அதில் வாலை இறக்கும் கணம் ஒன்று இருக்கிறது. வால் தாழும்போது உடற்பகுதி ரடருக்குப் போகும் காற்றை மறைக்கும், வால்சக்கரம் இன்னும் தரையைக் கவ்வியிருக்காது. அந்தக் கணத்தில் திசையைப் பிடிக்க மிகக் கொஞ்சம்தான் கையில் இருக்கும். விமானம் நேராக ஓடும்போது மட்டும் வாலை இறக்குங்கள்.

எந்த முறையானாலும் காற்றுப் பக்கத்துச் சக்கரம்தான் முதலில் தொட வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே தொட்டால், அல்லது மூக்கு கோணலாக இருக்கும்போது தொட்டால், அந்த நொடியிலேயே சுழற்சி ஆரம்பித்துவிடும்.

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: வால்சக்கரம் ரடரோடு ஸ்பிரிங்கால் இணைந்திருக்கிறது. நாம் காற்றுக்கு எதிர்க்காலை அழுத்தியபடி இறங்குகிறோம், ஆகவே வால்சக்கரமும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். அது தரையைத் தொட்ட மாத்திரத்தில் விமானத்தை அந்தப் பக்கம் வெட்டி இழுக்கும். தொடும் அந்தக் கணத்தில் காலை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். என் முதல் இருபது இறக்கங்களில் வந்த விளங்காத வெட்டு இதுதான்.

தொட்ட பிறகு

ஸ்டிக்கை வயிற்றோடு ஒட்டி இழுத்து வையுங்கள், வால்சக்கரம் தரையில் அழுந்தட்டும். அதோடு, வேகம் குறையக் குறைய ஸ்டிக்கைக் காற்றுப் பக்கம் மேலும் மேலும் சாய்த்துக்கொண்டே போங்கள். நிற்கும்போது அது அந்தப் பக்கத்து மூலையில் முட்டியிருக்க வேண்டும். வேகம் குறைந்தால், ஸ்டிக்கைச் சாய்க்கும்போது அசையும் இறக்கைப் பலகையான எய்லரானுக்குப் பிடி குறையும், அதனால் கூட்டிக்கொண்டே போகிறோம். என் விபத்தில் நான் செய்தது இதற்கு நேர் எதிர்.

பார்வை ஓடுபாதையின் கடைசியில் இருக்கட்டும். சிட்டாப்ரியாவில் முன்னிருக்கையிலிருந்து மூக்குக்கு மேலே தெரியும். பைப்பர் ஜே-3 கப் விமானத்தில் தனியாகப் பறப்பவர் பின்னிருக்கையில்தான் உட்கார வேண்டும், நேரே எதுவும் தெரியாது. அப்போது ஓடுபாதையின் இரண்டு ஓரங்களையும் ஒரே நேரத்தில் கண்ணோரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் அகலமானால் மறுபக்கம் திரும்புகிறீர்கள்.

கால்கள் சும்மா இருக்கக் கூடாது. சின்னச் சின்னதாக, விரைவாக அழுத்தி விட வேண்டும். அழுத்துவதைப் போலவே விடுவதும் முக்கியம். மூக்கு நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் அது மறுபக்கம் ஓடும், இரண்டாவது ஊசல் முதலாவதைவிடப் பெரிதாக இருக்கும்.

சரி, மூக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. எதிர்க்கால் முழுவதும், உடனே. போதவில்லை என்றால் அதே பக்கத்துப் பிரேக்கை ஒரு தட்டு. அதுவும் போதாமல், இன்னும் நல்ல வேகமும் முன்னால் ஓடுபாதையும் இருந்தால், திராட்டிலை முழுதாகத் தள்ளுங்கள். விசிறியிலிருந்து வரும் காற்று ரடரில் அடித்து அதற்கு உயிர் தரும், அப்படியே மேலேறிப் போய்விடலாம். ஆனால் மூக்கு ஏற்கெனவே ஓரத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டால் திராட்டிலைத் தொடாதீர்கள். அப்போது சக்தி கொடுத்தால் நேரே புல்லுக்குள், விளக்குகளுக்குள், நிறுத்தியிருக்கும் விமானங்களுக்குள் போவீர்கள். எஞ்சினைக் குறைத்து, ஸ்டிக்கை வயிற்றோடு பிடித்து, சுற்றட்டும் என்று விட்டுவிடுங்கள். இறக்கை நுனியைச் சரி செய்துகொள்ளலாம்.

மேலேறிப் போவதைத் தோல்வியாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். 50 அடி உயரத்திலேயே, எதிர்க்காலை முழுதாக அழுத்தியும் மூக்கு நேராக நிற்கவில்லை என்றால், இந்த ஓடுபாதைக்கு இந்தக் காற்று அதிகம் என்று விமானமே சொல்லிவிட்டது. அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியிலும் இதே காற்று உண்டு. முன்பக்கச் சாய்விலிருந்து வந்தால் ஸ்டிக் பின்னால், காற்றுப் பக்கமாக. பின்பக்கச் சாய்விலிருந்து வந்தால் ஸ்டிக் முன்னால், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக. சக்கரக்கட்டை வைத்து, இறக்கைக் கயிறுகளை இழுத்துக் கட்டி, இடுப்புப் பெல்ட்டால் ஸ்டிக்கைக் கட்டிய பிறகுதான் ரேடியோவையும் போனையும் நான் தொடுகிறேன்.

விதி சொல்வது, அதற்கு மேல்

அமெரிக்காவில் வால்சக்கர விமானத்தைப் பொறுப்பு விமானியாக ஓட்டப் பயிற்றுநரின் தனிக் கையொப்பம் வேண்டும். 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே அப்படி ஓட்டிய நேரம் பதிவில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. சாதாரண, குறுக்குக்காற்று ஏற்ற இறக்கங்களும், முன் சக்கர முறையும், மேலேறிப் போவதும் அதில் அடங்கும். ஆனால் நீங்கள் பயிலும் வாரத்தில் காற்றே அடிக்காமல் போகலாம். அப்படியும் கையொப்பம் கிடைத்துவிடும். அது நடந்தால் காற்று அடிக்கும் நாளில் பயிற்றுநரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு காலைக்குப் பணம் கொடுங்கள். கூட யாரையாவது ஏற்றிக்கொள்ள வேண்டுமென்றால் கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும், வால்சக்கரத்தில் அந்த மூன்றும் முழுதாக நின்ற இறக்கங்களாக இருக்க வேண்டும். தொட்டுவிட்டு உடனே எழும்பினால் கணக்கில் வராது. நல்ல விதி. அபாயம் இருக்கும் பகுதியைத் தாண்டிக் காட்டச் சொல்கிறது.

இன்னொரு விதி நம்மை ஏமாற்றும். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் வரையறையில், சக்கரக்கால், டயர், பிரேக், இறக்கை நுனி ஆகியவற்றுக்கு மட்டும் வரும் சேதம் பெரிய சேதமாக எண்ணப்படுவதில்லை. யாருக்கும் காயமில்லாமல் அதோடு முடிந்த கிரவுண்ட் லூப் விபத்துப் பட்டியலுக்கே வராது. ஆகவே பட்டியலைப் பார்த்து இது எப்போதாவது நடப்பது என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் விமானத்தளத்தில் துணி ஒட்டிப் பழுது பார்ப்பவர் இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். எங்கள் தளத்தில் இருப்பவர் என் இறக்கையைத் திறந்த அன்று, அதே மேசையில் ஏற்கெனவே வேறு ஒருவரின் இறக்கை நுனி இருந்தது. அதுவும் வலப்பக்கம்தான்.